சீனியோடு சவர்க்காரமும்

சீனி வாங்குவதற்காகக் கடைக்குச் செல்கிறோம். கடைக்காரர் சீனியை நிறுத்துக் கட்டுகிறார். கூடவே ஒரு கட்டிச் சவர்க்காரத்தையும் பையினுள் இடுகிறார். "சவர்க்காரம் கேட்கவில்லையே!" என்கிறோம். "இரண்டும் சேர்த்தே விற்பனை. இதுவும் நல்ல சவர்க்காரந்தான், என்றோ ஒருநாள் உங்களுக்குத் தேவைப்படும்" என்கிறார் அவர். அவர் கூறுவதில் பொய் இல்லை. சவர்க்காரம் நல்லதே, அது தேவைப்படும் நாளும் வரும். ஆயினும், சீனிக்கென்று எண்ணி எடுத்துச் சென்ற பணம் போதாமற் போய்விடுகிறதே! அவ்வேளையில் நமக்கு எழும் கோபம் நியாயமானதா, அன்றா?

இது கற்பனைக் கடையொன்றின் கதை. ஆனால் 2006ஆம் ஆண்டில் உலகத்தின் பெருங்கடைகளில் ஏறத்தாழ இவ்வாறான வியாபாரம் ஒன்று உண்மையாகவே நடைபெற்றது. அங்கே சீனியாக இருந்தது, பிள்ளைகள் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் விளையாட்டுப் பெட்டி. சவர்க்காரமாக வந்தது, சினிமாப் படங்களைத் துல்லியமாகக் காட்டவல்ல புதுவகை இறுவட்டுக் கருவி. பெட்டியின் பெயர் பிளேஸ்டேஷன் 3. அதனை ஆக்கியது ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனம். இறுவட்டின் பெயர் புளூரே.

விளையாட்டுப் பெட்டி ஒன்றினுள் விலையுயர்ந்த புதிய இறுவட்டு முறையைக் கட்டாயமாகச் சேர்க்கலாமா என்று அன்று பெரிய வாதம் எழுந்தது. அவ்வாதத்தை இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விளையாட்டுப் பெட்டி என்றதும் 'சிறுபிள்ளை வேளாண்மை' என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சற்றுப் பொறுப்பார்களாக. விளையாடுபவர் பிள்ளைகளே ஆயினும், பணம் கொடுப்பவர் பெற்றோர் அல்லவா? ஆகவே இருசாராரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

நீல ஒளியின் அருமை

இறுவட்டு வேலைசெய்யும் முறையை மாணவர்கள் அறிந்திருப்பர். மற்றையோர்க்காகச் சுருக்கமாகக் கூறுவோம். வட்டின் மேற்பரப்பின் கீழே, சுருள்வடிவமான தடம் ஒன்றிலே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் வரிசையாக அமைந்துள்ளன. வட்டு சுழலும்போது லேசர் ஒளிக்கற்றை ஒன்று அத்தடத்தின்மீது பாய்ந்து தெறிக்கின்றது. குழியில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கும் குழியில்லாத இடத்திற் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டையே கருவி எழுத்தாகவும் இசையாகவும் படமாகவும் வாசிக்கின்றது.

குழிகள் சிறிதாகச் சிறிதாக ஒரே வட்டில் அடங்கும் செய்தி பெருகும். ஆனால் மொத்தமான முனையுள்ள பேனாவினால் பொடியெழுத்து எழுத முடியாதவாறு போல, அலைநீளம் கூடிய ஒளியினால் நுண்ணிய குழிகளைப் பிரித்தறிய முடியாது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசை இறுவட்டு 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள செங்கீழ் ஒளியைப் பயன்படுத்தியது. கணினிக்கு உரிய அதன் வடிவத்தில் ஏறத்தாழ 650 மெகாபைட் செய்தி அடங்கிற்று. 1996ஆம் ஆண்டில் வந்த டி.வி.டி. 650 நனோமீற்றர்ச் சிவப்பு ஒளியைக் கையாண்டது. அதன் ஒரு படையில் 4.7 கிகாபைட் அடங்கிற்று. புளூரே வட்டோ 405 நனோமீற்றர் அளவான நீலஊதா ஒளியை எடுத்துக்கொண்டது. ஒரு படையில் 25 கிகாபைட். இரு படைகளில் 50 கிகாபைட். அஃதாவது, ஒரே அளவான வட்டில் ஐந்து டி.வி.டி.களின் செய்தி அடங்கலாயிற்று.

இத்துணை நன்மை உடைய நீல ஒளியை முன்னரே கையாளாதது ஏன் எனில், அதனைச் சிறிய இருவாயி ஒன்றிலிருந்து பெறுவது நெடுங்காலம் கைகூடாத காரியமாக இருந்தது. சிவப்பும் பச்சையும் கிடைத்த பின்னரும் நீலம் பல்லாண்டு விஞ்ஞானிகளுக்குப் போக்குக் காட்டிற்று. கலியம் நைத்திரைட்டு என்னும் சேர்வையின் பளிங்கைக் குறையின்றி வளர்த்தெடுப்பதே பெரும் இடர்ப்பாடாயிற்று. ஜப்பானிய விஞ்ஞானிகளான இசாமு அக்கசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவரும் விடாமுயற்சியினால் அத்தடையை வென்றனர். நீல ஒளி காலும் இருவாயியைக் கண்ட அவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலஊதா லேசரும் அதே சேர்வையின் வழியே பிறந்ததுதான்.

ஆய்வுகூடத்தில் ஒன்றைச் செய்தல் வேறு. தொழிற்சாலையில் இலட்சக்கணக்காகச் செய்தல் வேறு. 2006ஆம் ஆண்டில் இந்த லேசர் இருவாயிகள் அருமையாகவும் விலையுயர்ந்தனவாகவும் இருந்தன என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. பின்னர் நிகழ்ந்தவற்றுள் பலவற்றுக்கு அதுவே வித்து.

இரு முகாம்கள்

டி.வி.டி.க்குப் பின் எந்த வட்டு என்ற போட்டியில் இரண்டு முகாம்கள் எதிரெதிரே நின்றன. சோனியும் அதன் நண்பர்களும் புளூரேயை முன்வைத்தனர். தொஷிபா நிறுவனமும் அதன் நண்பர்களும் எச்.டி. டி.வி.டி. என்னும் வேறொரு வட்டை முன்வைத்தனர். இதுவும் நீலஊதா ஒளியையே கையாண்டது. ஆனால் ஒரு படையில் 15 கிகாபைட் மட்டுமே கொண்டது. செய்திப்படை பழைய டி.வி.டி.யில் இருந்த அதே ஆழத்தில் அமைந்திருந்தமையால், இருக்கும் தொழிற்சாலைகளிலேயே எளிதில் அச்சிடலாம் என்பது அதன் ஆதரவாளர் கூறிய சிறப்பு. ஒன்றின் வட்டு மற்றதன் கருவியில் ஓடாது.

இவ்விடத்தில் பழைய கதையொன்றை நினைவுகூர வேண்டும். 1975ஆம் ஆண்டில் சோனி பீட்டாமக்ஸ் என்னும் வீடியோ நாடாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். நாடாவைக் கொண்டுவந்தது. நெடும் போட்டியின் முடிவில் பீட்டாமக்ஸ் தோற்றது. 1988ஆம் ஆண்டில் சோனியே வி.எச்.எஸ். கருவிகளைச் செய்து விற்க நேர்ந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பர். சோனியோ மறுபடியும் அடுப்பங்கரைக்கு வந்தது. ஆனால் இம்முறை கையில் ஒரு கேடயத்துடன் வந்தது. அக்கேடயமே விளையாட்டுப் பெட்டி. இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் பிள்ளைகளின் விருப்பத்தினால் நுழையும் பெட்டியினுள் தன் வட்டுக் கருவியையும் வைத்துவிட்டால், சினிமா வட்டுக்கு வேண்டிய வீடுகள் தாமாகவே கிடைத்துவிடும் அல்லவா? 1989ஆம் ஆண்டில் கொலம்பியா படநிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்த சோனிக்குச் சினிமா வியாபாரத்திலும் நேரடி ஆதாயம் இருந்தது.

முன்னைய இரண்டு அனுபவங்கள்

சோனியின் எண்ணம் வெறும் பேராசையன்று. அதற்கு முன்னனுபவம் இருந்தது.

1994ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஜப்பானில் வெளிவந்த முதலாவது பிளேஸ்டேஷன் இறுவட்டைக் கையாண்டது. 1996ஆம் ஆண்டில் வந்த நின்டென்டோ 64 பழைய முறைப்படி பொதியுறைகளையே நம்பிற்று. அப்பொதியுறையின் மிகக்கூடிய கொள்ளளவு 64 மெகாபைட். இறுவட்டோ அதன் பத்து மடங்கைக் கொண்டது. அச்சிடும் செலவும் குறைவு. 'பைனல் பான்டசி' என்னும் புகழ்பெற்ற விளையாட்டுத் தொடர் அதுவரை நின்டென்டோ பெட்டிகளிலேயே வெளிவந்தது. அதன் ஏழாவது பாகம் 1997ஆம் ஆண்டில் மூன்று இறுவட்டுகளாகப் பிளேஸ்டேஷனில் வெளிவந்தது. அன்று புதிய வட்டு கேட்டவர்கள் விளையாட்டை ஆக்குவோரே. சீனியின் தேவையே அங்கு முதன்மை பெற்றது.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்த பிளேஸ்டேஷன் 2 டி.வி.டி.யைச் சேர்த்துக்கொண்டது. அதன் விலை 39,800 யென். டி.வி.டி. அப்போது ஏற்கெனவே வெற்றிபெற்ற முறை. அதற்குப் போட்டியாக வேறொரு வட்டு இருக்கவில்லை. ஜப்பானில் பல குடும்பங்களுக்கு அந்த விளையாட்டுப் பெட்டியே முதலாவது டி.வி.டி. கருவியுமாயிற்று. பிள்ளையும் தந்தையும் ஒருங்கே மகிழ்ந்தனர். உலகெங்கும் 15 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாயின.

இருமுறை பலித்த உபாயம் மூன்றாம் முறையும் பலிக்கும் என்று கருதியதில் வியப்பில்லை. ஆனால் மூன்றாம் முறை ஒரு வேறுபாடு இருந்தது. முதல் முறை விளையாட்டு புதிய வட்டை வேண்டிற்று. இரண்டாம் முறை வட்டு ஏற்கெனவே வென்றிருந்தது. மூன்றாம் முறையோ, வட்டு வெல்வதற்கு விளையாட்டு வேண்டப்பட்டது.

விலையும் தாமதமும்

போட்டியாளரான மைக்ரோசொப்ட் நிறுவனம் வேறு வழியிற் சென்றது. 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது எக்ஸ்பொக்ஸ் 360 பெட்டியைப் பழைய டி.வி.டி.யுடனேயே வெளியிட்டது. அமெரிக்காவில் விலை, வகையைப் பொறுத்து 300 டொலரும் 400 டொலரும். உயர்துல்லியச் சினிமா பார்க்க விரும்புவோர்க்கு 2006ஆம் ஆண்டு நவம்பரில் எச்.டி. டி.வி.டி. கருவியை 200 டொலருக்குத் தனியே விற்றது. 'வேண்டுவோர் வாங்குக, வேண்டாதோர் விடுக' என்பதே அதன் கொள்கை.

சோனி 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தன் பெட்டியின் விலையை அறிவித்தது. 20 கிகாபைட் வன்தட்டுடைய வகை 499 டொலர். 60 கிகாபைட் வகை 599 டொலர். புளூரே இல்லாத வகை என்று ஒன்று இல்லை. விலை கேட்ட விளையாட்டு அன்பர்கள் திகைத்துப்போயினர்.

விலையேற்றம் முழுவதையும் இறுவட்டின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. 'செல்' என்னும் புதுவகைச் செயலியும் செலவு மிகுந்ததே. பெட்டியைப் பிரித்துப் பாகங்களை மதிப்பிட்ட ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம், 60 கிகாபைட் வகையின் ஆக்கச் செலவு 840 டொலர் அளவில் இருக்கும் எனவும், அதில் புளூரே கருவி மட்டும் ஏறத்தாழ 125 டொலர் எனவும் கணித்தது. ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் சோனி பெருநட்டத்துக்கே விற்றது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்துடன் முடிந்த நிதியாண்டில் அதன் விளையாட்டுப் பிரிவின் நட்டம் 23,230 கோடி யென்.

பணம் மட்டுமன்று, காலமும் வீணாயிற்று. நீல லேசர் இருவாயிகள் போதிய அளவு கிடைக்காமையால், ஐரோப்பிய விற்பனை 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போடப்படுவதாக 2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. நத்தார்ப் பரிசாகப் பெட்டியை எதிர்பார்த்த ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு அந்த நத்தார் வெறுமையாகவே கழிந்தது. விளையாட்டுக்கு வேண்டிய எந்தப் பாகமும் குறையாக இருக்கவில்லை. சினிமா வட்டைப் போட்டியிற் காக்க வந்த ஒரு சிறு இருவாயியே குறையாக இருந்தது.

சீனியில் குறைந்த ஒரு பிடி

இக்கதையில் நம் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி இனித்தான் வருகின்றது.

விலை கூடியது என்ற முறைப்பாடு ஓயாமையால், 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சோனி 40 கிகாபைட் வகையொன்றை 399 டொலருக்கு வெளியிட்டது. செலவைக் குறைக்க எதையேனும் நீக்கத்தானே வேண்டும்? நீக்கப்பட்டது புளூரே அன்று. பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு வட்டுகளை இயக்கும் ஆற்றலே நீக்கப்பட்டது.

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் பல பிறந்தநாட்களில் பெற்றுச் சேர்த்த பழைய விளையாட்டு வட்டுகள் அலுமாரியில் இருக்கின்றன. விலை குறைந்த புதிய பெட்டி அவற்றை ஏற்க மறுக்கின்றது. வீட்டில் ஒன்றேனும் இல்லாத சினிமா வட்டுகளையோ அது கைகூப்பி வரவேற்கின்றது! சவர்க்காரம் குறையாமல் இருந்தது. சீனியிலே ஒரு பிடி குறைந்தது. ஒரு நிறுவனம் யாரை மனத்தில் வைத்துப் பொருளை ஆக்குகின்றது என்பதை அறிய அதன் விளம்பரத்தைப் படிக்க வேண்டியதில்லை. நெருக்கடி வந்தபோது எதனை விட்டுக்கொடுத்தது, எதனை விடாப்பிடியாகக் காத்தது என்று பார்த்தாற் போதும்.

அன்றைய பெரும்பாலான வீடுகளில் உயர்துல்லியத் தொலைக்காட்சியும் இருக்கவில்லை என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் புளூரேயின் துல்லியம், கண்பார்வை மங்கியவர் முன் வைத்த பொடியெழுத்துப் புத்தகம் போன்றதே.

மறுபக்கத்து நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது நடுநிலையன்று. சோனியின் சார்பில் வலுவான நியாயங்கள் மூன்று உண்டு.

முதலாவது, இரண்டும் வேண்டிய குடும்பத்துக்கு அப்பெட்டி உண்மையில் மலிவு. 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தனிப் புளூரே கருவியின் விலை ஏறத்தாழ 1,000 டொலர். அதிற் பாதி விலைக்குச் சினிமாவும் விளையாட்டும் ஒருங்கே கிடைத்தன.

இரண்டாவது, விளையாட்டுகளும் காலப்போக்கிற் பெருத்தன. 2008ஆம் ஆண்டில் வந்த 'மெட்டல் கியர் சொலிட் 4' என்னும் விளையாட்டு இருபடைப் புளூரே வட்டைப் பயன்படுத்தியது. 'பைனல் பான்டசி' தொடரின் பதின்மூன்றாம் பாகம் எக்ஸ்பொக்ஸ் 360க்கு மூன்று டி.வி.டி.களாகவும் பிளேஸ்டேஷன் 3க்கு ஒரே புளூரே வட்டாகவும் வெளிவந்தது. ஆயினும் இந்த நன்மையும் கலப்பற்றதன்று. பிளேஸ்டேஷன் 3இன் புளூரே கருவி எக்ஸ்பொக்ஸின் டி.வி.டி. கருவியிலும் ஆறுதலாகவே வாசித்தது. அதனாற் பல விளையாட்டுகளின் பகுதிகளை முதலில் வன்தட்டுக்கு மாற்றும்வரை பிள்ளைகள் காத்திருக்க நேர்ந்தது.

மூன்றாவது நியாயமே மிகவும் ஆழமானது. விருப்பமானோர் மட்டும் வாங்கிக்கொள்க என்று கூறுவது கேட்க இனிது. ஆனால் விளையாட்டை ஆக்குவோர், எல்லாப் பெட்டிகளிலும் உள்ள ஆற்றலை நம்பியே விளையாட்டை ஆக்குவர். பத்துப் பேரில் ஒருவரிடம் மட்டும் உள்ள கருவிக்காக எவரும் பெரும் பொருள் செலவிட்டு விளையாட்டு ஆக்கமாட்டார். மைக்ரோசொப்ட் தனியே விற்ற கருவி சினிமாவை மட்டுமே காட்டிற்று. அதில் ஒரு விளையாட்டேனும் வெளிவரவில்லை. ஆகவே விளையாட்டுக்குப் பயன்பட வேண்டிய புதுமை எல்லாப் பெட்டிகளிலும் இருக்க வேண்டும். அன்றேல் எதிலும் இருந்து பயனில்லை. கட்டாயம் என்று நாம் கடிந்துகொள்வதையே ஆக்குவோர் அத்திவாரம் என்று அழைப்பர்.

வென்றவர் யார்?

2008ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாளன்று வோர்ணர் படநிறுவனம் இனிப் புளூரே வட்டில் மட்டுமே தன் படங்களை வெளியிடப் போவதாக அறிவித்தது. பெப்ரவரி 19ஆம் நாளன்று தொஷிபா எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டது. அதன்பின் சில நாட்களுள் மைக்ரோசொப்டும் தனது தனிக் கருவியை நிறுத்திவிட்டது. 200 டொலர் கொடுத்து அதனை வாங்கியோர் கையில் வழக்கொழிந்த வட்டு எஞ்சிற்று. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அந்த நட்டத்தைச் சுமந்தவர் விரும்பி வாங்கியோர் மட்டுமே. விளையாட மட்டும் வாங்கியோர் ஒரு சதமும் இழக்கவில்லை. புளூரே தோற்றிருந்தால், பிளேஸ்டேஷன் 3 வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் கைவிடப்பட்ட சினிமா வட்டின் கருவி ஒன்று இருந்திருக்கும்.

வட்டுப் போரிற் சோனி வென்றது. விளையாட்டுக் களத்தில் என்ன நிகழ்ந்தது? பிளேஸ்டேஷன் 2இன் 15 கோடிக்கு எதிரே, பிளேஸ்டேஷன் 3 ஏறத்தாழ 8 கோடியே 70 இலட்சம் விற்பனையாயிற்று. எக்ஸ்பொக்ஸ் 360 8 கோடியே 40 இலட்சத்தைத் தாண்டிற்று. 2006ஆம் ஆண்டில் 250 டொலருக்கு வந்ததும், சினிமா வட்டே காட்டாததுமான நின்டென்டோவின் 'வீ' என்னும் எளிய பெட்டி 10 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. சினிமாவைப் பற்றிக் கவலைப்படாது விளையாட்டை மட்டும் எண்ணிய பெட்டியே அந்தத் தலைமுறையில் முதலிடம் பெற்றது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் பெற்றோரின் பணப்பையும் ஒரு வாக்காளர் என்பதை எவரும் மறுக்க முடியாது.

நமது முடிவு

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்கையில் நாம் வந்தடையும் முடிவு இது. புதிய வட்டைச் சேர்த்தது பிழையன்று. 2013ஆம் ஆண்டில் மைக்ரோசொப்டும் தனது எக்ஸ்பொக்ஸ் வன் பெட்டியிற் புளூரேயையே சேர்த்துக்கொண்டது என்பது அதற்குச் சான்று. பிழையானவை, சேர்த்த காலமும், எவருடைய தேவைக்காகச் சேர்க்கப்பட்டது என்பதுமே. லேசர் இருவாயி அருமையாயிருந்த காலத்தில், நிறுவனத்தின் வேறொரு போரை வெல்வதற்காக, விளையாட வந்த பிள்ளையின் கணக்கில் ஒரு பகுதி எழுதப்பட்டது. மீதியை நிறுவனம் தானே தாங்கிற்று என்பது உண்மை; அதற்காக அதனைப் பாராட்டலாம். ஆனால் பழைய விளையாட்டுகளை நீக்கிப் புதிய சினிமாவைக் காத்தபோது, அந்தக் கணக்கு எப்பக்கம் சாய்ந்தது என்பது வெளிப்பட்டுவிட்டது.

ஆகவே, பல பயன்கள் சேர்ந்த பொருளொன்று கடையில் நம் முன் வைக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நாம் எதற்காக வந்தோமோ அதற்கு இச்சேர்க்கை தேவையா? தேவையாயின், இப்பொழுதே தேவையா, ஓரிரு ஆண்டுகள் பொறுக்கலாமா? பொறுத்தவர்கள் என்ன பெற்றார்கள்? பிளேஸ்டேஷன் 3ஐப் பொறுத்தவரை, மூன்றாம் கேள்விக்கு விடை தெளிவு. 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்த மெல்லிய வகையை அவர்கள் 299 டொலருக்குப் பெற்றார்கள். அதே வட்டு, முதற் பெட்டியின் பாதி விலை, வட்டுப் போரும் அதற்குள் முடிந்திருந்தது. பொறுத்தார் பூமியாள்வார் என்பது வீட்டுச் செலவுக்கும் பொருந்தும்.

திரும்பி வந்த கேள்வி

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது இரண்டு வகைகள் இருந்தன. இறுவட்டுக் கருவி உள்ளதன் விலை 499 டொலர். இல்லாததன் விலை 399 டொலர். 2024ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ 700 டொலர் விலையிலும் இறுவட்டுக் கருவி இன்றியே விற்கப்பட்டது. வேண்டுவோர் அதனைத் தனியே வாங்க வேண்டும். எந்த நிறுவனம் வட்டின்றிப் பெட்டியில்லை என்று 2006ஆம் ஆண்டில் நின்றதோ, அதே நிறுவனம் வட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது!

இப்போது தெரிவு நம் கையில் வந்துவிட்டதே, மகிழலாம் அன்றோ என்று சிலர் கேட்கலாம். அவசரப்படலாகாது. வட்டாக வாங்கிய விளையாட்டை அண்ணன் முடித்தபின் தம்பி வேறு பெட்டியில் விளையாடலாம். அயல்வீட்டுத் தோழனுக்கு இரவல் கொடுக்கலாம். சலித்தபின் பாதி விலைக்கு விற்கலாம். இணையவழியில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டுக்கு இவை பொருந்தா. அதனை இரவல் கொடுத்தலும் இல்லை, மறுபடி விற்றலும் இல்லை. ஒரே நிறுவனத்தின் கடையில் அந்நிறுவனம் குறித்த விலைக்கே வாங்கவும் வேண்டும். குறைந்த விலைப் பெட்டியில் மிச்சம்பிடித்த பணம், சில விளையாட்டுகளை வாங்குவதற்குள்ளேயே கரைந்துபோகக்கூடும்.

அன்று கேட்காத சவர்க்காரத்தைப் பையில் இட்டார்கள் என்று நொந்தோம். இன்று பையில் எது இல்லை என்று பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கின்றது. மாணவர்களே, பெட்டி வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்குமுன் இந்தக் கணக்கை ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். பெற்றோரே, அத்தாளை உங்களிடம் நீட்டும் பிள்ளையை 'விளையாட்டுப் பிள்ளை' என்று விரட்டாது, பக்கத்தில் இருத்திக் கூட்டற் கணக்கைச் சரிபாருங்கள். பெட்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்த ஒரு தாள் வீட்டுக்கு ஆதாயமே.